பதினோரு வருடப் பிழை

புதுப் புத்தகம் எதுவானாலும் டிசம்பர் சார் அதைப் பின்னாலிருந்துதான் திறப்பார். முன்னுரை, பொருளடக்கம், எழுதியவரின் பட்டங்கள் எதுவும் அவருக்கு வேண்டாம். கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவில் விரலை வைத்து இறங்குவார். 'புற ஊதாப் பேரழிவு' என்ற இடம் வந்ததும் விரல் நிற்கும். எதிரே இருக்கும் பக்க எண்ணைப் பார்த்து, அந்தப் பக்கத்தை விரித்து, நின்றபடியே படிப்பார். நாலு வரி தாண்டுவதற்குள் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வரும். சட்டைப்பையிலிருந்து பென்சில் வரும். ஓரத்தில் '1911' என்று எழுதி, இரண்டு ஆச்சரியக்குறி போட்டுவிட்டுப் படாரென்று மூடுவார். அவரளவில் அந்தப் புத்தகத்தின் ஆயுள் அத்தோடு முடிந்தது.

"சார், நேத்துதான் நம்பர் ஒட்டி அடுக்கினேன். சீல் மை கூட இன்னும் காயல. அதுக்குள்ள கிறுக்கணுமா?" என்பார் கல்லூரி நூலகர்.

"நான் எங்கங்க கிறுக்கினேன்? கிறுக்கினவர் பேரு அட்டையில தங்க எழுத்துல இருக்கு. நான் திருத்துறேன்."

"அப்போ அச்சடிச்சவங்களுக்கு எழுதுங்க."

"எழுதாமயா? பதினேழு வருஷமா எழுதிக்கிட்டுதான் இருக்கேன்."

நூலகர் சிரிப்பை மறைக்க அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வார். டிசம்பர் சாருக்கு அது தெரியும். தன் முதுகுக்குப் பின்னால் சிரிப்பவர்களைக் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை என்று சொல்வாரே தவிர, யார் எந்த நாளில் சிரித்தார்கள் என்பது அவருக்கு வரிசைப்படி நினைவிருக்கும்.

வயது ஐம்பத்து நான்கு. இயற்பியல் துறையில் முப்பது வருடம். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை, வலது கைப்பட்டியில் மட்டும் எப்போதும் வெள்ளையாக ஒரு சுண்ணக்கட்டித் தடம். அவரிடம் படித்த ஒருவர்தான் இப்போது துறைத் தலைவர். தலைவருக்கு முனைவர் பட்டம் உண்டு, டிசம்பர் சாருக்கு இல்லை. குவாண்டம் கொள்கை பிறந்த கதையைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தார். இது சரித்திரம், இங்கே வராது என்றது இயற்பியல் துறை. இது இயற்பியல், எங்களுக்குப் புரியாது என்றது சரித்திரத் துறை. இரண்டு வாசலுக்கும் நடுவில் ஏழு வருடம் நின்றுவிட்டு, எழுதிய நூற்றுநாற்பது பக்கத்தையும் கட்டி எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

அதிலிருந்து நாக்கு கொஞ்சம் நீளமாகிவிட்டது. ஆண்டு விழாவில் முதல்வர் மேடையில் நின்று, "இந்த வருடம் நம் கல்லூரி ஒரு குவாண்டம் தாவல் தாவியிருக்கிறது" என்று முழங்கியபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னதுன்னு சொல்றீங்களா சார்?" இயற்பியல் மாணவர்கள் இருபது பேர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல்வருக்கு வீட்டுக்குப் போய் யாரையோ கேட்ட பிறகுதான் விளங்கியிருக்க வேண்டும். அடுத்த கால அட்டவணையில் டிசம்பர் சாருக்குக் காலை முதல் வகுப்பும் மாலைக் கடைசி வகுப்பும் விழுந்தன. நடுவில் ஐந்து மணி நேரம் சும்மா.

பெயருக்குக் காரணம் இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டு, டிசம்பர் பதினான்காம் தேதி, பெர்லினில் ஒரு கூட்டத்தில் பிளாங்க் என்பவர் எழுந்து நின்று ஒரு கட்டுரை வாசித்தார். குவாண்டம் கொள்கை அன்றைக்குப் பிறந்தது என்பார்கள். ஆண்டுதோறும் அந்தத் தேதியில், எந்தப் பாடம் நடந்துகொண்டிருந்தாலும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, டிசம்பர் சார் அந்த ஒரு நாளின் கதையைத்தான் நடத்துவார். ஒரு வருடம் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்றும் வந்து வகுப்பறையைத் திறக்கச் சொல்லி ஐம்பது நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனார் என்று காவலாளி சொல்கிறார். "தனியா பேசினாரா?" என்று கேட்டால், "இல்ல, சும்மாதான் இருந்தாரு. பெல் அடிக்கிற நேரத்துக்கு எந்திரிச்சுட்டாரு" என்கிறார்.

மனைவி அஞ்சலகத்தில் கவுன்டரில் இருக்கிறார். பாடநூல் குழுவுக்கு டிசம்பர் சார் எழுதிய கடிதங்கள் அத்தனையும் அந்தக் கவுன்டர் வழியாகத்தான் போயிருக்கின்றன. "உங்க ஜெர்மன் சம்பந்திக்காக எழுதினதா? குடுங்க, எடை போடறேன்" என்று வாங்கி வைப்பார். "வருஷா வருஷம் எடை கூடுது. பதில்தான் வரமாட்டேங்குது." பதினேழு கடிதங்களுக்கு இரண்டு பதில் வந்தன. ஒன்று, கடிதம் கிடைத்தது என்பது. இன்னொன்று, தங்கள் மேலான ஆலோசனைக்கு நன்றி என்பது.

அப்படி என்னதான் பிழை? வகுப்பில் அவர் சொல்கிற விதத்திலேயே கேட்டுவிடலாம். போன வருடம் டிசம்பர் பதினான்கு, கடைசி வகுப்பு. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பாதிப் பேர் பையை மாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

"இரும்பைக் காய்ச்சினா முதல்ல என்ன கலர் வரும்?"

"சிவப்பு சார்," என்றது வகுப்பு, கொட்டாவியோடு.

"அப்புறம்?"

 இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண் மட்டும், "ஆரஞ்சு, மஞ்சள், அப்புறம் வெள்ளை சார். எங்கப்பா கலரைப் பாத்தே எவ்வளவு சூடுன்னு சொல்லிடுவாரு" என்றாள்.

"உங்கப்பா என்ன பண்றார்?"

"வெல்டர் சார். பட்டறை வெச்சிருக்காரு."

"அப்போ உங்கப்பாவுக்குத் தெரிஞ்சதுதான் அந்தக் காலத்து விஞ்ஞானிகளுக்கும் தெரியும். ஏன்னுதான் தெரியல." டிசம்பர் சார் அன்றைக்கு முதல்முறையாகக் கரும்பலகையை விட்டு இந்தப் பக்கம் வந்தார். "பெர்லின்ல நாலஞ்சு பேர் உலையைக் காய்ச்சி, எந்தச் சூட்டுல எந்த ஒளி எவ்வளவு வருதுன்னு அளந்துக்கிட்டிருந்தாங்க. கையில இருந்த சூத்திரம் ஒரு பக்கம் பொருந்துச்சு, இன்னொரு பக்கம் பொருந்தல. பொருந்தாத பக்கம் எது? நெட்டை அலை. அகச்சிவப்புப் பக்கம். புற ஊதாப் பக்கம் இல்ல, கவனிங்க. அதைத்தான் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்த நண்பர் பிளாங்க்கிட்ட சொன்னார். அன்னைக்குச் சாயங்காலமே பிளாங்க் ஒரு புதுச் சூத்திரம் போட்டுட்டார். ஆனா அது ஏன் சரியா வருதுன்னு அவருக்கே தெரியல. ரெண்டு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டு, ஆற்றலைத் துண்டு துண்டா வெட்டினாத்தான் கணக்கு வருதுன்னு கண்டுபிடிச்சார். பிடிச்சுச் செஞ்சாரா? இல்ல. வேற வழியில்லாம செஞ்ச காரியம்னு அவரே பின்னாடி எழுதியிருக்கார். அப்புறம் பல வருஷம் அந்தத் துண்டுகளை மறுபடி ஒட்டவைக்க முடியுமான்னு பாத்துக்கிட்டே இருந்தார்."

"ஆனா புத்தகத்துல வேற மாதிரி போட்டிருக்கே சார்?" இதையும் அந்தப் பெண்தான் கேட்டாள்.

அந்தக் கேள்விக்காக முப்பது வருடம் காத்திருந்தவர்போல அவர் கையைத் தட்டினார். "போட்டிருக்கும்! பழைய கணக்குப்படி பாத்தா உலையைத் திறந்ததும் புற ஊதாப் பக்கம் முடிவில்லாம ஆற்றல் கொட்டணும், ஊரே பொசுங்கணும், அது பேரழிவு, அதுல இருந்து இயற்பியலைக் காப்பாத்த பிளாங்க் ஓடி வந்தார். சினிமா மாதிரி இருக்கில்ல? அந்தப் பழைய கணக்கை முழுசாப் போட்டு முடிச்சதே 1905ல. அதே 1900ல இங்கிலாந்துல ஒருத்தர் லேசாக் கோடு காட்டினது வாஸ்தவம், பிளாங்க் அதைக் கண்டுக்கவே இல்ல. பேரழிவுன்னு பேர் வெச்சது ஏரன்ஃபெஸ்ட்னு ஒரு இயற்பியல்காரர், 1911ல. நோய்க்குப் பேர் வைக்கிறதுக்குப் பதினோரு வருஷம் முன்னாடியே மருந்து குடுத்துட்டாராம்! என்ன டாக்டருய்யா அவரு!"

வகுப்பு சிரித்தது. மணி அடித்தது. பைகளோடு எல்லோரும் எழுந்தபோது அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, யாருக்கும் கேட்க வேண்டும் என்றில்லாத குரலில் தொடர்ந்தார். "பிளாங்க்கோட ஒரு பையன் முதல் உலகப் போர்ல செத்தான். ரெட்டைப் பொண்ணுங்க ரெண்டு பேரும் பிரசவத்துல போனாங்க. மிச்சமிருந்த பையனை வயசான காலத்துல தூக்குல போட்டாங்க. பேரழிவுன்னா அது. அதுக்கு எந்தப் புத்தகமும் பத்து மார்க் குடுக்கல."

வெல்டர் மகள் மட்டும் நோட்டை மூடாமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பருவத் தேர்வு நெருங்கியபோது அவள் துறைக்கு வந்து ஒரு காகிதத்தைக் காட்டினாள். பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று நடத்திய நுழைவுத் தேர்வில் தேறி, மேற்படிப்புக்கு இடம் வாங்கியிருந்தாள். துறையில் இருபது வருடமாக யாருக்கும் கிடைக்காத இடம். கீழே ஒரு நிபந்தனை: முதன்மைப் பாடம் ஒவ்வொன்றிலும் அறுபது மதிப்பெண்ணுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

"மத்த எல்லாத்துலயும் இருக்கு சார். இந்த பேப்பர் ஒண்ணுதான் பாக்கி."

"இதுவா? இது நம்ம பேப்பர்மா," என்றார் டிசம்பர் சார். அன்று பேராசிரியர் அறையில் எல்லோருக்கும் அவர் செலவில் தேநீர் வந்தது. அப்படி ஒரு சம்பவம் அதற்கு முன் நடந்ததில்லை என்பதால், யாருக்கு என்ன உடம்புக்கு என்று ஒருவர் விசாரித்தார்.

விடைத்தாள் திருத்தும் முகாம் வேறொரு கல்லூரியின் தேர்வுக்கூடத்தில் நடந்தது. நீளமான மேசைகள், தலைக்கு மேல் தட்டுத்தட்டென்று அடித்துக்கொள்ளும் மின்விசிறிகள், காலையில் ஒரு கட்டு, பிற்பகலில் ஒரு கட்டு. தாள்களில் மாணவர் பெயரோ கல்லூரியோ இருக்காது. மறைவெண் மட்டும். தன் கல்லூரித் தாள் என்று சந்தேகம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. இயற்பியல் மேசைக்குத் தலைமைத் தேர்வாளராக இருந்தவர் பருத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். எல்லோரும் அவரைச் சீஃப் என்றார்கள்.

"டிசம்பர் வந்தாச்சு. இன்னைக்குப் பேரழிவு நிச்சயம்," என்றார் எதிரில் உட்கார்ந்திருந்த சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர். பத்து வருடமாக முகாம்களில் அவருக்கு எதிரில் உட்காருகிறவர்.

பேரழிவு வினாத்தாளிலேயே இருந்தது. பத்து மதிப்பெண் கேள்வி: 'புற ஊதாப் பேரழிவைப் பிளாங்க் எவ்வாறு தீர்த்தார்? விளக்குக.' விடைக்குறிப்பு கேள்வியைவிட உறுதியாக இருந்தது. 1900, பேரழிவு, காப்பாற்றல், சூத்திரம், படம். டிசம்பர் சார் மூக்கால் ஒரு சத்தம் விட்டுவிட்டுத் திருத்த உட்கார்ந்தார். காலைக் கட்டில் முப்பது பேரும் விடைக்குறிப்பில் இருப்பதையே எழுதியிருந்தார்கள். முப்பது பேருக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு மதிப்பெண் போட்டார்.

பிற்பகல் கட்டில் ஒன்பதாவது தாள். சாய்வில்லாத, சின்னச் சின்ன எழுத்து. பத்து மதிப்பெண் கேள்வியின் கீழே முதல் வரி இப்படி இருந்தது: 'இவ்வினாவிலேயே ஒரு காலப்பிழை உள்ளது.'

டிசம்பர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அகச்சிவப்பு அளவீடுகள், ஞாயிற்றுக்கிழமை வந்த நண்பர், 1905, 1911 எல்லாம் இருந்தன. ஒரு தேதி தப்பவில்லை. சூத்திரமும் போட்டு, அது ஏன் வேண்டியிருந்தது என்றும் எழுதியிருந்தது. கடைசியில், 'நோய்க்குப் பெயரிடுவதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே மருந்து கொடுக்கப்பட்டது என்பது ஏற்கத்தக்கதன்று.' அவருடைய கேலி, இலக்கணச் சட்டை போட்டுக்கொண்டு, கைகட்டி நின்றுகொண்டிருந்தது.

யாருடைய தாள் என்று தெரிந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கவில்லை. ஒன்பது போட்டார். மற்ற விடைகளுக்கு ஐம்பத்தேழு. கூட்டினால் அறுபத்தாறு. முகப்புப் பக்கத்தில் எழுதியும் ஆயிற்று. செய்ய வேண்டியதெல்லாம் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பதுதான். அடுத்த தாள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அவர் எழுந்து நின்றார்.

முப்பது வருடமாக அவர் ஒருவரே சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை முதல்முதலாக இன்னொரு கை எழுதியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு எப்படி உட்கார்ந்திருப்பது? பதினேழு கடிதம் செய்யாததை இந்த மூன்று பக்கம் செய்துவிடும் என்று அந்த நிமிடத்தில் அவர் மனதார நம்பினார்.

"சீஃப், ஒரு நிமிஷம். இந்த ஆன்சர் கீயை மாத்தணும்."

"ஆரம்பிச்சாச்சா?" என்றார் சீஃப், தலையைத் தூக்காமல்.

"நான் சொன்னாத்தானே கிறுக்கன்னு நினைப்பீங்க? இதோ, ஒரு மாணவர் எழுதியிருக்கார். படிச்சுப் பாருங்க. வரி வரியா ஆதாரம்."

சீஃப் வாங்கிப் படித்தார். நிதானமாக, மூன்று பக்கத்தையும். "எழுதின பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளைதான்," என்றார். "ஆனா சார், இந்தக் கேள்வியை எண்ணூறு பேர் எழுதியிருக்காங்க. எழுநூத்தித் தொண்ணூத்தொம்பது பேர் கீயில இருக்கிற மாதிரி எழுதியிருக்காங்க. ஒருத்தருக்காகக் கீயை மாத்தினா, மிச்சப் பேருக்கு முட்டை போடுவீங்களா?"

"உண்மைன்னு ஒண்ணு இருக்கில்லையா?"

"இருக்கட்டும் சார். அது பாட்டுக்கு இருக்கட்டும். அதுக்குப் பத்து மார்க்குல எத்தனைன்னு கீயில இல்லையே."

மேசை சிரித்தது. சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் எட்டி, தாளை வாங்கிப் புரட்டினார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பழகிய முகத்தைக் கூட்டத்தில் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான்.

"அட, 'நோய்க்குப் பெயரிடுவதற்கு முன்பே மருந்து'! இது நம்ம சார் டீ குடிக்கிறப்ப வருஷா வருஷம் சொல்றதாச்சே! சார், இது உங்க காலேஜ் பேப்பர்."

 சீஃப் இப்போதுதான் முழுதாக நிமிர்ந்து பார்த்தார். "உங்க ஸ்டூடண்ட்டா சார்?"

டிசம்பர் சார் தாளுக்குக் கையை நீட்டினார். பதிலாக அதுவே போதுமானதாக இருந்தது. சீஃப் குரலை உயர்த்தவில்லை. மாற்றுப் படிவம் ஒன்றை எடுத்து, 'எனது கல்லூரி மாணவர் விடைத்தாள் என ஐயம்' என்ற வரிக்கு எதிரே கையெழுத்து வாங்கிக்கொண்டு, தாளை இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த ஓர் இளம் தேர்வாளரிடம் அனுப்பினார். அவர் விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டார். சூத்திரம் சரியாக இருந்ததற்கு இரண்டு போட்டார். ஒன்பதை அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். ஐம்பத்தொன்பது.

மாலையில் கட்டுகளைக் கட்டும்போது டிசம்பர் சார் சீஃபின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவர் கெஞ்சுகிற குரல் எப்படியிருக்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. "அந்த பேப்பர்... ஒரே ஒரு மார்க். கருணை மார்க் மாதிரி ஏதாவது..."

"அது ஃபெயிலாகுறவங்களுக்கு சார். இவங்க நல்லா பாஸாச்சே? பாஸான பிள்ளைக்கு எதுக்குக் கருணை?"

எதற்கு என்று சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால், எழுதியது யார், அந்தப் பெண்ணுக்கு எத்தனை வேண்டும் என்பது வரை தெரிந்தேதான் திருத்தினார் என்றாகும். அப்புறம் ஐம்பத்தொன்பதும் நிற்காது. வாயை மூடிக்கொண்டு பேருந்துக்கு நடந்தார்.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சீஃபின் மடமையை, கூட்டத்தின் சிரிப்பை, சோடாபுட்டியின் வாயை. சொல்லச் சொல்ல அவர் குரலில் வழக்கமான காரம் ஏறிக்கொண்டே போனது. மனைவி குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏங்க, நீங்க பேசாம உக்காந்திருந்தா அந்தப் பொண்ணு பாஸ் மார்க்கோட போயிருக்குமில்ல?"

"பாஸ்லாம் பாஸ்தான். அறுபது..."

"அதைத்தான் கேக்கறேன்."

தட்டில் கை நின்றது.

"ஊர்ல ஒருத்தனுக்கும் வலிக்காத இடத்துல உங்களுக்கு மட்டும் வலிக்கும்னு நினைச்சு நானும் இத்தனை வருஷம் சிரிச்சுட்டேன்," என்றார் மனைவி. "இப்ப வேற யாருக்கோ வலிக்கப்போகுது." எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வழக்கமான கேலி எதுவும் அன்று வரவில்லை.

முடிவுகள் வந்தன. மறுமதிப்பீட்டுக்குப் போட்டாலும் அதே விடைக்குறிப்புத்தான். அது முடிவதற்குள் நிலையத்தின் கடைசித் தேதியும் போய்விடும். இடம் வேறு யாருக்கோ போனது. பாராட்டு விழாவுக்குத் துறைத் தலைவர் எழுதிவைத்திருந்த சுற்றறிக்கை ஒட்டப்படாமலே மேசையில் கிடந்தது. டிசம்பர் சார் இரண்டு வாரம் நூலகப் பக்கம் போகவில்லை. புதிதாக வந்த புத்தகங்கள் எட்டும் ஓரம் சுத்தமாக இருக்கின்றன என்று நூலகர் தானாகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் சந்தோஷமாக, பிறகு கொஞ்சம் கவலையாக.

வெல்டர் மகள் ஒரு மதியம் வந்தாள். பேராசிரியர் அறையில் அப்போது வேறு யாரும் இல்லை. முன்கையில் பொறி தெறித்த சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. பட்டறையில் அப்பாவுக்குக் கூடமாட நிற்கிறாளாம்.

"உக்காரும்மா."

"இருக்கட்டும் சார்." நின்றுகொண்டே பேசினாள். "இம்ப்ரூவ்மென்ட் போட்டிருக்கேன். ஆறு மாசத்துல எழுதணும். அப்புறம் அடுத்த வருஷம் என்ட்ரன்ஸ் மறுபடியும் முதல்ல இருந்து."

"உன் பேப்பர் என்..." என்று தொடங்கினார் டிசம்பர் சார்.

"என்ன சார்?"

"உன் பேப்பர் என்னமோ நல்லாத்தான் இருந்திருக்கும்னு சொல்ல வந்தேன்."

"நல்லாத்தான் எழுதினேன் சார். அந்தப் பத்து மார்க்தான் போயிருக்கும்னு நினைக்கிறேன். நீங்க சொன்ன மாதிரியே எழுதினேன், ஒரு வரி விடாம." அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். குற்றம் சாட்டுகிறவர்களிடம் பேச அவருக்கு நன்றாகத் தெரியும். "ஒண்ணு கேக்கலாமா சார்? அடுத்த தடவை அதே கேள்வி வந்தா என்ன எழுதட்டும்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்க சொன்னதுதான் நிஜம்னு எனக்குத் தெரியும் சார். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. எழுதறதுக்குத்தான் கேக்கறேன்."

டிசம்பர் சார் இழுப்பறையிலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்தார். ஓரம் மடித்தார். பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். '1900ஆம் ஆண்டு, புற ஊதாப் பேரழிவினால் இயற்பியல் பெரும் நெருக்கடிக்கு உள்ளாகியிருந்தது. அதிலிருந்து அதனைக் காப்பாற்றும் பொருட்டு...' எங்கும் தயங்கவில்லை. அடித்தல் திருத்தல் இல்லை. விடைக்குறிப்பின் ஒவ்வொரு சொல்லும், ஒவ்வொரு காற்புள்ளியும் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. நேசித்துப் படித்த எதுவும் அவருக்கு இவ்வளவு பிசகில்லாமல் நினைவில் தங்கியதில்லை.

"படம் வேணுமா சார்?"

"வரையணும். ரெண்டு மார்க்." படத்தையும் வரைந்தார். மேலே மேலே ஏறி, தாளின் விளிம்பைத் தாண்டிப் போகும் கோடு. பக்கத்தில் 'பேரழிவு' என்று எழுதி அம்புக்குறி போட்டார். "இதுக்குக் கீழ கோடு போட்டுக்காட்டணும். இல்லாட்டி அரை மார்க் குறைப்பாங்க."

"சரி சார்."

பின்பக்கமும் நிறைந்தது. ஊதி உலரவைத்து, ஒருமுறை படித்துப் பார்த்து, விட்டுப்போன ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தார். பிறகு தாளை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்" என்றாள். தாள் வரவில்லை. இந்தப் பக்க ஓரத்தில் அவர் கட்டைவிரல், நகம் வெளுக்கும் அளவுக்கு அழுந்தியிருந்தது. ஒரு கணம் இருவரும் தாளின் இரண்டு முனைகளையும் பிடித்தபடி நின்றார்கள். அப்புறம் அவள், கிழிந்துவிடாமல், கொஞ்சம் இழுத்துத்தான் அதை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.